பால் திரியாத இரண்டு நிமிடம்

6 மார்ச் 1989, திங்கள்
கிள்ளானில் விடியும்போதே மழை. பஸ் லேட்.
தம்பி மனைவி வசந்தி எங்கள் ஆஸ்பத்திரியிலேயே அட்மிட். எட்டாம் மாதம். பனிக்குடம் உடைந்துவிட்டது, வலி இல்லை. கிருமி ஏறாதவரை குழந்தை உள்ளே இருக்கட்டும், ஏறினால் உடனே எடுத்தாக வேண்டும் என்கிறார் டாக்டர். நர்ஸ் தினமும் ஜுரம் பார்ப்பார், லேப்பில் நான் ரத்தத்தில் கிருமியைக் காட்டும் சி.ஆர்.பி. பார்ப்பேன். கறுப்புக் கண்ணாடித் தகட்டில் அவள் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் ஒரு சொட்டு, பால் நிறத்தில் மருந்து ஒரு சொட்டு. இரண்டு நிமிடம் ஆட்ட வேண்டும். கிருமி இருந்தால் திரியும்.
இன்று திரியவில்லை. அப்பாடா.

7 மார்ச்
பாசாரில்: வெண்டைக்காய், நெத்திலி. தம்பி சட்டை தேய்க்க.
இன்றும் திரியவில்லை. அம்மா டிபன் கேரியரோடு மருமகள் பக்கத்திலேயே. "எட்டுல பொறந்தா தங்காதுடி. திங்கக்கிழமை ஒம்போதாம் மாசம் பொறந்துரும். அதுவரைக்கும் தாங்கட்டும்." அம்மாவிடம் என் டிப்ளோமா செல்லாது.

8 மார்ச்
திரிந்துவிட்டது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. மருந்து பழசோ என்று புதுப் பாட்டில் திறந்தேன். அதிலும். சீரத்தில் பதினாறு மடங்கு நீர் கலந்தும் திரிகிறது.
டாக்டர்: "சார்ட்ல ஜுரமே இல்லையே லா."
வார்டுக்கு ஓடினேன். வசந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அக்கா, அத்தைய திட்டாதீங்க. நேத்து சாயங்காலமே குளிர் எடுத்துச்சு. ஜுரம் தெரியக் கூடாதுன்னு நர்ஸ் வர்றதுக்கு முன்னாடி பனடோல் போட்டுக்கிட்டேன்." மாத்திரை வந்தது கேரியரின் அடித்தட்டில். அம்மா வேலை.
இருவரும் சேர்ந்து நர்ஸ், டாக்டர், தெர்மாமீட்டர் எல்லாரையும் ஏமாற்றியாயிற்று. ஒரு சொட்டு ரத்தத்தை ஏமாற்ற முடியவில்லை. பதினோரு வருடமாக இந்தக் கண்ணாடியை ஆட்டுகிறேன், இன்றுதான் மெய்சிலிர்த்தது.
மதியம் ஆபரேஷன். பெண். இரண்டு கிலோ சொச்சம். உடனே அழுதாளாம். வசந்திக்குக் கிருமிக்கான மருந்து ஏறுகிறது.

9 மார்ச்
வெயில். அம்மா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. காலையில் லேப் வாசலில் வந்து நின்றாள்.
"புள்ளைக்கும் பார்ப்பியா?"
குழந்தையின் குதிகாலில் எடுத்த ரத்தம் அப்போதுதான் வந்திருந்தது. அம்மாவை உள்ளே கூப்பிட்டு, விளக்குக்குக் கீழே ஆட்டினேன். ஒரு நிமிடம். இரண்டு.
"இன்னும் கொஞ்சம் ஆட்டுடி."
தேவையே இல்லை. ஆட்டினேன். பால் பாலாகவே இருந்தது.