போல்ட்டுக்கு உப்பு வேண்டாம்

அண்ணன் எதிரிலேயே “உப்பில்லாத சமையல்” என்று புருஷன் துரை நேற்று கத்தியதிலிருந்து செங்கொடி அவனோடு பேசவில்லை. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் காலண்டர் தாளின் பின்புறம் எழுதினாள்:

“யோவ், சாத்தாங்காட்டுலருந்து ஒரு நாய தூக்கினு வந்தியே, அந்த போல்ட்டுக்கு வெறும் பாக்கெட் தீனிய கொட்டாத. கல்லு மாரி கீது. ஒரு கரண்டி வெந்த கேரட்டு பிசைஞ்சி போடு. பூசணியும் முள்ளெடுத்த மீனும் வேகவெச்சி சின்ன சட்டில கீது, அதையும் கலந்துக்க. வெங்காயம், உப்பு கூடவே கூடாது. அது நாயி, உன்ன மாரி நாக்கு நீளம் இல்ல.”

மீன் கெட்டுவிட்டதா என்று சின்னச் சட்டியைத் திறந்தாள். துடைத்து வைத்தாற்போல் காலி. பக்கத்தில் துரைக்கென்று வைத்த சங்கரா மீன் குழம்பு கரண்டி படாமல் அப்படியே இருந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்:

“நேத்து நீயா போட்டு துன்னுட்டு உப்பில்லன்னு கத்தினியே, அது போல்ட்டோட சட்டி. ரெண்டாந்தபா வேற வழிச்சி துன்ன. எங்கண்ணனாண்ட நீயே போய் சொல்லிடு. முட்டை ரெண்டு அவிச்சி வெச்சிகீறேன். அதுக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு. உன்னுதுக்கு மட்டும் உப்பு போட்டுக்க.”