அருவிக்கு மேலும் கீழும்

9 ஜூலை 1937, தென்காசி

சாரல் விடவில்லை. சென்னைப் பத்திரிகைக்குச் செய்தி தேடி உயர்நிலைப் பள்ளிக்குப் போனேன். பௌதிக ஆசிரியர் தில்லைநாயகம் பிள்ளைகளை நாலு நாலு பேராக உட்காரவைத்து வாதாட விடுகிறார். தான் பேசுவது குறைவு. மேலிருந்து விழுகிற தண்ணீர் அடியில் சற்றுச் சூடாக இருக்கும் என்கிறதாம் பாடப்புத்தகம்.

“குத்தாலம் பக்கத்துலதான இருக்கு, போய்ப் பாத்துருவோமே” என்றான் கடையநல்லூர் மசூது. நாளை போகிறார்கள். நானும்.

10 ஜூலை

ஒரு குழு அருவியின் தலைக்கு ஏறியது, இன்னொன்று அடியில் நின்றது. ஆளுக்கொரு தெர்மாமீட்டர். உடம்பெல்லாம் எண்ணெயோடு குளிக்க நின்ற ஒருவர், “ஏலே, அருவிக்குக் காய்ச்சலா?” என்று கேட்டார்.

மேலே 74 டிகிரி பாரன்ஹீட். கீழே 74½. புத்தகம் சொன்னது சரி. பிள்ளைகள் அதன்பிறகும் ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார்கள். செய்தியை அனுப்பத் தபால் ரயிலுக்கு நேரமாகிவிட்டது, கிளம்பிவிட்டேன்.

12 ஜூலை

சென்னைப் பத்திரிகையில் வந்துவிட்டது: ‘குற்றாலத்தில் மெய்யானது பாடப்புத்தகம்.’

13 ஜூலை

பத்திரிகையோடு பள்ளிக்குப் போனேன். யாரும் சிரிக்கவில்லை. வகுப்பில் ஒரே பெண்ணான சங்கரம்மாள் எழுந்தாள்.

“ஐயா, நீங்க போன பொறவு ரெண்டு தெர்மாமீட்டரையும் மாத்திப் பாத்தோம். அப்போ மேலதான் அரை டிகிரி கூட இருந்துச்சு. தண்ணில வித்தியாசம் இல்ல. ஒரு தெர்மாமீட்டர்தான் கூடக் காட்டுது.”

“பேப்பர்காரருக்கு ரயிலு போயிரும்லா” என்றான் மசூது. இப்போது சிரித்தார்கள். நானும்.

வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு திருத்தம் போட்டதில்லை. ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அரை டிகிரிக்காகவா அந்தப் பெருமையை விடுவது? யாருக்குத் தெரியப்போகுது — அந்த வகுப்புக்குத் தெரியுமே. இனி நான் எழுதுவதை எப்படிப் படிப்பார்கள்?

14 ஜூலை

திருத்தம் அனுப்பினேன். மூன்று வரி.

16 ஜூலை

பத்திரிகை ஆசிரியரின் கடிதம்: ‘யாரும் புகார் செய்யவில்லையே, திருத்தம் எதற்கு?’ அந்தப் புகாரை நான் செய்கிறேன் என்று பதில் போட்டேன்.

20 ஜூலை

ஐந்தாம் பக்கத்தில், தைல விளம்பரத்துக்குக் கீழே திருத்தம் வந்திருக்கிறது. வகுப்பில் கொடுத்தேன். நாலு பேர் தலை சேர்த்துப் படித்தார்கள். தில்லைநாயகம் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“டிகிரிக் கணக்கெல்லாம் சரி ஐயா” என்றாள் சங்கரம்மாள். “புத்தகம் சொல்லுத சூடு ஏன் காணலைன்னு எழுதலையே?”

“எனக்குத் தெரியாதும்மா.”

“எங்களுக்கும் தெரியல” என்றவள் பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் விட்டாள். “உக்காருங்க.”