சம்பந்தி அனுப்பிய வேர்

கிழக்குத் தாம்பரம்,
மே 14

அன்பு மகள் ஜெரூஷாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் வெயிலைத் தவிர இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் குட்டியும் பினாங்கில் சுகமாக இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறோம். போனில் பேசினால் எனக்குக் கோபம் முந்திக்கொள்கிறது, அதனால்தான் எழுதி, லீவு முடிந்து அங்கே திரும்பும் பக்கத்து வீட்டு சாலமன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அவன் வந்தபோது உன் மாமியார் எனக்கென்று அனுப்பிய பொட்டலத்தைத் தந்தான். டாங் குவாயாம், அவரைப் போன்ற சீனர்கள் உடம்பு தேற சூப்பில் போடும் வேராம். சீவல் சீவலாகக் காய்ந்திருந்தது, பிரித்ததும் வீடெல்லாம் வாசனை. மேலே முழுக்கச் சீன எழுத்து, யாருக்குப் புரியும்? நாம் ஆட்டுக்கால் சூப்புக்கு வாங்கும் மசாலாப் பொட்டலம் சட்டிக்கு ஒன்றுதானே, அதே நினைப்பில் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து நாட்டுக்கோழியோடு மொத்தத்தையும் கொட்டிக் கொதிக்கவிட்டேன். இந்தக் கத்திரி வெயிலில்! அப்பா சப்புக்கொட்டி இரண்டு டம்ளர் குடித்தார். கொஞ்ச நேரத்தில் பனியனைக் கழற்றி எறிந்துவிட்டு ஃபேனுக்கு அடியில் வெறுந்தரையில் படுத்துக்கொண்டு, "இன்னாடி இது, உள்ள அடுப்பு பத்த வெச்சிட்டியா" என்கிறார். எனக்கும் வேர்த்து ஊற்றியது, ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சிரித்து முடிப்பதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. இவ்வளவு சூடான வேரை ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சிக்கும் கொடுத்துக்கொண்டிருந்தால்? நாம் பப்பாளிக்கே பயப்படுகிற ஆட்கள். அதனால்தான் அன்று போன் போட்டுக் கத்தினேன். பக்கத்தில் உன் மாமியார் சிரித்தது காதில் விழுந்ததும் இன்னும் ஏறிவிட்டது. அது பத்துத் தடவை சூப்புக்கான பொட்டலம் என்றாராம். பிள்ளை பிறக்கும்வரை உனக்கு ஒரு சீவல்கூடக் கிடையாதாம், பிறந்த பிறகுதானாம். அப்புறம் ஒரு மாதம் தலைக்குக் குளிக்கக் கூடாது, பச்சைத்தண்ணீர் கூடாது, காற்று படக் கூடாது, உடம்பைச் சூடாகவே வைக்கவேண்டும் என்று அவர் சொன்னதை நீ ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். நம் வீட்டில் சொல்வதில் ஒன்று குறையவில்லை, காதில் பஞ்சு வைப்பதைத் தவிர.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று நான் பிடிவாதமாக நின்றேன். நீ அங்கேயே பெற்றுக்கொள்கிறேன் என்றதும், அப்படியானால் நான் வரவே மாட்டேன் என்றேனே, அது வீம்பு. என் பிள்ளையை என்னைப்போல யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற கவலை பாதி, பார்த்துவிடுவார்களோ என்ற பொறாமை பாதி. இப்போது டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன், ஜூலை முதல் வாரம். பாஸ்போர்ட்டைத் தேடுகிறேன் என்று அப்பா பீரோவையே கவிழ்த்துவிட்டார். உன் மாமியார் சூப் வைக்கட்டும், நான் பிரசவ லேகியம் கிளறி எடுத்துவருகிறேன். ஆனால் இரண்டையும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் நீ வாயில் வைக்கவேண்டும், என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

செக்கப்பைத் தள்ளிப்போடாதே, மாடிப்படியில் நிதானமாக ஏறு. கர்த்தர் உன்னையும் குட்டியையும் தம் சிறகுக்குள் வைத்துக் காப்பாராக. அன்று கத்தியதற்கு நான் வருத்தப்படுகிறேன் என்று உன் மாமியாரிடம் சொல். தாய்வீட்டுக்கு மருமகளை அனுப்பவில்லையே என்று அவர் மனம் சங்கடப்படவேண்டாம், தாய்வீடே விமானம் ஏறி வருகிறது என்றும் சொல்.

உன் அம்மா,
ஏஞ்சல் யேசுதாசன்