குமுதவல்லி டாக்கீஸின் பெண்கள் பக்கக் கதவு

9 ஜூன் 2025, திங்கள்
குமுதவல்லி டாக்கீஸின் பின்சுவரையும் இன்று இடித்துவிட்டார்கள். இருபது வருஷம் டிக்கெட் கிழித்த இடம். எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டே பார்த்தேன். அப்பாடா என்றிருந்தது.

12 ஜூன்
தமிழினி என்று ஒரு காலேஜ் பெண் வந்தாள். டாக்கீஸின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறாளாம். தரை டிக்கெட், ஞாயிறு மேட்னிக்கு ஷூ கம்பெனிப் பெண்கள் ஆம்பூரே அதிரும்படி வந்தது, எல்லாம் சொன்னேன். போட்டோ எடுத்துக்கொண்டாள்.

"எண்பத்தெட்டு தீ விபத்துல மூணு பொண்ணுங்க செத்தாங்களே, கதவ யாரு சார் பூட்டினது?"

"கேட்ல நின்ன அப்துல் வஹாப்" என்றேன். முப்பத்தேழு வருஷத்துப் பதில். நாக்கு தானாகச் சொல்கிறது.

13 ஜூன்
இங்கேயாவது எழுதுகிறேன்.

மேட்னி நடுவில் பாங்கு சொன்னதும் வஹாப் பாய் சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்துவிட்டுத் தொழப் போவார். தினமும் கால் மணி நேரம். முதலாளிக்குத் தெரியாது. அன்னிக்கும் குடுத்தார். டிக்கெட் இல்லாம பசங்க பூந்துடறானுங்கன்னு பெண்கள் பக்கக் கதவ வெளிய பூட்டினேன் — நான்தான். பூட்டிட்டு பீடி வாங்கப் போனேன். திரும்பி வந்தா ஒரே புகை, ஜனங்க கதவ உடைக்கறாங்க. கொத்தைப் பாயோட ஸ்டூல் மேல வெச்சுட்டு நானும் சேர்ந்து உடைச்சேன்.

பாய் மூணு வருஷம் ஜெயில்ல இருந்தார். எனக்கு அந்த வருஷம்தான் கல்யாணம்.

20 ஜூன், வெள்ளி
பாயின் பெண் அஃப்ஸர் ஜஹான் வீடு தேடி வந்துவிட்டாள்.

"அப்பாவுக்கு நெனப்பு தப்பிப் போவுதுண்ணா. ஜாஸ்தி நாள் இல்ல. சாவிய உங்ககிட்ட, கோதண்டங்கிட்டதான் குடுத்தேன்னு இத்தினி வருஷம் சொன்னவரு, இப்ப குடுத்தனா இல்லியான்னு அவரே கேட்டுக்கினு அழறாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா நிம்மதியாப் போவாரு. வெளிய யாருக்கும் சொல்ல மாட்டோம்."

வருகிறேன் என்றேன்.

21 ஜூன்
போனேன். பாய் எலும்பாக் கிடந்தார். என் கையப் புடிச்சுக்கிட்டார்.

"தோஸ்த், சாவி உங்கிட்டதானே குடுத்தேன்?"

அஃப்ஸர் ஜஹான் என் வாயையே பாத்துட்டு நின்னா. ஆமான்னா போதும்.

"இல்ல பாய். உங்ககிட்டதான் இருந்துச்சு."

கைய விட்டுட்டார். அப்புறம் மூணு பொண்ணுங்க பேரையும் சொல்லிச் சொல்லி அழுதார். நெனப்பு தப்பின மனுசனுக்கு அந்தப் பேரெல்லாம் மட்டும் தப்பல.

ஏன் சொன்னேன்? தெரியல. — இல்ல, தெரியும். புத்தகத்துல என் போட்டோ வருது.

2 ஜூலை
பாய் மௌத். சாயங்காலம் அடக்கம்.

13 ஜூலை, ஞாயிறு
அப்பாவுக்காக அந்த மூன்று வீட்டிலும் மன்னிப்புக் கேட்கணும் என்று அஃப்ஸர் ஜஹான் வந்து நின்றாள். வீடு தெரியாதாம், நான் காட்டணுமாம். பேரணாம்பட்டு பஸ் ஏறினோம்.

செத்துப்போன சங்கீதாவின் அம்மா அமிர்தவள்ளிக்கு எண்பது இருக்கும். அஃப்ஸர் ஜஹான் வாசலிலேயே நின்று, இன்னார் பெண் என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"உங்கப்பன் பூட்டின கதவுல எம்பொண்ணு நகமெல்லாம் பேந்து கெடந்தா. போடி" என்றாள் கிழவி.

என்னை உள்ளே கூப்பிட்டு, அன்னிக்குக் கதவ உடைச்ச புண்ணியவான் என்று மருமகளிடம் சொல்லி, சேர் போடச் சொன்னாள். காபி வந்தது. அஃப்ஸர் ஜஹான் வாசல் வெயிலில் நின்றிருந்தாள்.

குடித்தேன். இன்னும் ரெண்டு வீடு இருக்கிறது.