துளவ நாட்டைத் தேடிய குன்றிமணிகள்

வளம் பெருகுக. ஆறுகள் வற்றாதிருக்க.

நீர்க்கோடி நாட்டின் ஏழு துறைகளுக்கும் காவலன், குவளையூர்க் கோட்டையில் வீற்றிருக்கும் மாவண்கோ வழங்கும் ஓலை. காரையூர்க் குடியில் பிறந்தவரும், எம் தந்தையார் கையால் ஏனாதிப் பட்டம் பெற்றவரும், இந்நாள் நம் படையனைத்தையும் நடத்தி எல்லையாற்றங்கரையில் பாடிவீடு அமைத்துத் தங்கியிருப்பவருமான நல்லேறனார் இதனைக் காண்க. உமது வாள் துருவேறாதிருக்க. உமது பாடியில் உலை குறைவின்றிக் கொதிக்க. உம்முடன் உள்ள வீரர் யாவரும் நலம் பெறுக.

எம் பெயருக்கு முன் எழுதப்படும் ‘எண்டிசையும் அறிந்த பெருமான்’ என்னும் பட்டம் இவ்வோலையில் இல்லாததை நீர் கண்டிருப்பீர். ஓலை எழுதுபவன் மறந்தானென்று எண்ண வேண்டா. அவன் வழக்கம்போல் எழுதினான். யாமே அந்த ஏட்டை வாங்கி முறித்தெறிந்து, வேறு ஏட்டில் எழுதப் பணித்தோம். காரணத்தைக் கீழே அறிவீர்.

செய்தியை விரிக்குமுன் ஒன்று. இவ்வோலைக்கு முன்னதாகவே குன்றிமணிப் போர்மாலை உம் கையை எட்டியிருக்கும். அதைக் கொடியில் சூட்ட வேண்டா. ஆற்றைக் கடக்க வேண்டா. கடந்திருப்பின், துளவ நாட்டின் ஒரு நெற்கதிரையும் தீண்டாமல் திரும்புக. மாலையைக் குதிரையேற்றி அனுப்பிவிட்டு அதன் பின்னால் ஓலையை விரட்டுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வேலை என்பதை அறிவோம். அறிந்தே விரட்டுகிறோம்.

துளவத்தின் மீது யாம் சினந்த காரணம் உமக்குத் தெரியும். நம் தூதருக்கு அந்நாட்டார் சுண்ணாம்பு வைக்காமல் தாம்பூலம் கொடுத்தனர். வெற்றிலை இருந்தது, பாக்கு இருந்தது, சுண்ணாம்பு இல்லை. அது மறதியோ அவமதிப்போ என்று கேட்டறிய யாம் ஒருவரையும் அனுப்பவில்லை. அவையில் சினம் எழுந்தது, அதைவிட வேகமாக ஆரவாரம் எழுந்தது. துளவம் அழிக என்று அங்காடியில் மீன் விற்போரும் முழங்கினர். அம்முழக்கம் எம் செவிக்கு இனித்தது என்பதை உம்மிடம் மறைத்துப் பயனில்லை.

போருக்கு முன் குடிகளின் உள்ளம் அறிவதற்கு நம் முன்னோர் வகுத்த முறையையும் நீர் அறிவீர். அரண்மனை முற்றத்தில் சுண்ணாம்புப் பொடியால் உலகப்படம் வரையப்படும். நாடுகளின் பெயர் எழுதப்படாது. குடிகள் ஒவ்வொருவரும் வந்து பகைவர் நாட்டின் மீது ஒரு குன்றிமணி வைப்பர். அந்நாட்டின் மீது குவிந்த மணிகளைக் கோத்து அனுப்பும் மாலையே, அந்நாட்டு வயல்களைக் கொளுத்திப் போர் தொடங்குக எனப் படைத்தலைவருக்கு விடுக்கும் ஆணை. எம் தந்தையார் நாளில் காவலன் ஒருவன் நின்று கோலால் இடத்தைச் சுட்டிக் காட்டுவான். இம்முறை யாம் அவனை விலக்கினோம். நம் குடிகளுக்குச் சுட்டுகோல் எதற்கு, பகைவன் வீட்டை உறக்கத்திலும் காட்டுவார்களே என்று செருக்கோடு கூறினோம்.

குடிகள் திரண்டு வந்தனர். மணிகள் விழுந்த அழகை எங்ஙனம் எழுதுவது? உப்பு வணிகர் நெடுங்கடலின் நடுவில் வைத்தனர். தச்சர் ஒருவர் படத்தைப் பலமுறை சுற்றி வந்து, சிறிய நாட்டுக்கு இத்தனை துணிவு வராது, ஆதலால் துளவம் பெரிதாகத்தான் இருக்கவேண்டும் என்று கூறி, இருப்பவற்றுள் பெரிய நாட்டின் மேல் வைத்துப் பெருமிதத்தோடு சென்றார். அங்காடியில் உரக்க முழங்கிய மீன் விற்போர், எம் மகளை மணம் செய்து கொடுத்த நாட்டின் மேல் கொத்தாக வைத்து வாழ்த்தொலி எழுப்பினர். நம் நாட்டின் மேலேயே வைத்தவரும் பலர். எந்த மணி எங்கே விழுந்தது என்று படம் வரைந்த ஓவியர் அமைச்சர் காவிதியாரின் செவியில் ஓத, காவிதியார் எம்மிடம் சொல்ல, யாம் வயிறு குலுங்க நகைத்தோம். எம் மகள் வாழும் நாடு அது என்பதையும் காவிதியார் சொல்லித்தான் அறிந்தோம் என்பது அப்பொழுது எமக்கு உறைக்கவில்லை.

மாலை நேரத்தில் துளவத்தின் மேல் கிடந்தவற்றைத் திரட்டினர். கோத்தால் ஒரு குழந்தையின் மணிக்கட்டுக்கும் போதாது. குடிகளின் உள்ளம் துளவத்தின் மேல்தான் இருந்தது, கைதான் தவறியது, எனவே படத்தில் உள்ள மணிகள் அனைத்தையும் அள்ளிக் கோப்பது முறைக்குப் புறம்பாகாது என்று காவிதியார் கூறினார். யாம் வாய் திறந்து ஆணையிடவில்லை. தலையை அசைத்தோம், அதுவே போதுமாயிற்று. மாலை பருத்தது, குதிரை பறந்தது.

முற்றம் வெறிச்சோடிய பின்னும் ஒருத்தி படத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். செக்கார வீதியில் எண்ணெய் விற்கும் சாத்தி என்னும் கைம்பெண். அவள் மணி அவள் கையிலேயே இருந்தது. ஏன் வைக்கவில்லை என்று காவலர் அதட்டினர். தன் ஒரே மகன் அந்துவன் வேற்படையில் போயிருப்பதாகவும், அவன் போன இடம் எந்தப் பக்கம் என்று தெருவில் எல்லோரையும் கேட்டுப் பார்த்துவிட்டதாகவும், ஆளுக்கொரு திசையைக் காட்டுகிறார்களென்றும், அனுப்பிய அரசருக்குத் தெரியாமலா இருக்கும், அரசரே காட்டினால் அங்கே மணியை வைத்துவிட்டு, இனி அந்தப் பக்கம் பார்த்து விளக்கேற்றிக்கொள்வதாகவும் விண்ணப்பித்தாள். அவள் சொல்லில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எமக்கு எளிதாக இருந்திருக்கும்.

யாம் அரியணை விட்டு இறங்கினோம். அவள் மணியை வாங்கிக்கொண்டு படத்தின் மேல் நடந்தோம். எங்கு நோக்கினும் வெள்ளைக் கோடுகள். எது மலை, எது கடற்கரை என்றே எமக்குப் பிடிபடவில்லை. ஓவியரை ஓரக்கண்ணால் நோக்கினோம், அவர் தரையை நோக்கினார். திரும்பிச் செல்ல வெட்கம். ஆகவே ஐயமே இல்லாதவன்போல் குனிந்து, கோடு வளைந்த ஓரிடத்தில் மணியை விரலால் அழுத்தி வைத்து, இதுவே துளவம் என்றோம். சாத்தி மண்டியிட்டு அவ்விடத்தைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

பிறகு ஓவியரைத் தனியே அழைத்துக் கேட்டோம். அஞ்சாமல் கூறுக என்ற பின்னரே, அரசர் மணி வைத்த இடம் காரையூர் என்றார்.

உமது காரையூர், ஏனாதி. உமக்கு வெற்றித் திலகமிட்டு உம் தாயார் வழியனுப்பிய வாசல். எம் விரல் காட்டிய வழியே படை சென்றிருந்தால் நீர் கொளுத்தியிருக்கும் வயல் உம் வயல்தான்.

யாம் என்று சொல்ல நா கூசுகிறது. நான் என்றே எழுதச் சொல்கிறேன். எங்கே இருக்கிறதென்று தெரியாத ஒரு நாட்டின் விளைந்த நெல்லைக் கொளுத்தச் சொன்னவன் நான். குடிகள் தெரியாமல் வைத்தார்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் வைத்தவன் நான். அரசன் எவ்வழி, குடிகள் அவ்வழி என்பார்கள். கடல் நடுவில் மணி வைத்த உப்பு வணிகரைப் பார்த்துச் சிரித்ததை நினைக்கும்போதெல்லாம் உடல் குன்றிப் போகிறேன்.

ஆகவே நீர் செய்யத்தக்கவை இவை. மாலையை அறுத்து மணிகளை ஆற்றில் விடுக. ஆயுதம் இல்லாத ஒருவரைத் துளவ வேந்தரிடம் அனுப்பி, அன்றைய தாம்பூலத்தில் சுண்ணாம்பு மறந்து போயிற்றா என்று பணிவோடு கேட்டு வரச் செய்க. மறதியாயின் நம் படை அவர் எல்லையில் வந்து நின்றதற்கு என் பெயரால் பொறுத்தருள வேண்டுக. அவமதிப்பே ஆயினும், ஒரு விரல் சுண்ணாம்புக்காக ஒரு தாயின் பிள்ளையையும் இழக்க நான் ஒப்பேன்.

அரச முத்திரைக்குப் பக்கத்தில் வெள்ளைக் கறை ஒன்றைக் காண்பீர். படத்தில் மணியை அழுத்தியபோது என் விரலில் ஒட்டிய சுண்ணாம்பு அது. கழுவாத விரலால் நானே ஒற்றினேன். அதையும் முத்திரையாகவே கொள்க.

இறுதி ஆணை ஒன்று. வேற்படையில் அந்துவன் என்பானைத் தேடி, நல்ல குதிரை கொடுத்து, இவ்வோலைக்கு மறுமொழியை அவன் கையில் அனுப்புக. சாத்தி வீட்டுக்குப் போகவில்லை. காரையூரின் மேல் நான் வைத்த மணிக்கு எதிரே அகல் ஏற்றி, மகன் அங்கேதான் இருக்கிறான் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறாள். அது அவ்விடமன்று என்று சொல்ல நான் இருமுறை முற்றத்துக்குப் போய் இருமுறையும் திரும்பி வந்துவிட்டேன். அவன் உயிரோடு வந்து, தான் நின்ற இடத்தைத் தன் தாய்க்குக் காட்டட்டும். நானும் அருகில் நின்று பார்த்துக்கொள்கிறேன்.