மோந்து பார்க்கிற பாத்தி

என்னங்க,

நேற்று பீரோவை ஒழித்தபோது உங்கள் வெள்ளைச் சட்டைப் பையில் காய்ந்த இலை ஒன்று அகப்பட்டது. கசக்கி முகர்ந்தேன். திருநீற்றுப்பச்சிலை. நம் வீட்டில் அந்தச் செடி கிடையாது, பூங்காவில்தான் உண்டு. அங்கே இலையைப் பறிக்கக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஆக, திருடியிருக்கிறீர்கள். நீங்கள் போன பிறகும் உங்கள் மேல் சந்தேகப்பட எனக்கு ஏதாவது கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

என் புத்தி ஊர் அறிந்தது. பால்காரர் ஊற்றும்போது அவர் கையைப் பார்ப்பேன். மகள் போனில் நன்றாக இருக்கிறேன் என்றால் குரலை நோட்டம் விடுவேன். நீங்கள் மட்டும் என்ன சளைத்தவரா? ராஜபாளையத்தில் மாம்பழக் கடை வைத்துக்கொண்டு, காம்படியில் முகர்ந்து பார்க்காமல் ஒரு பழத்தைக்கூட உள்ளே விட்டதில்லை. கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைத்தது என்று மூக்கு சொல்லிவிட்டால் கூடையோடு திருப்பி அனுப்புவீர்கள். “மூக்குதான் ஏட்டி நம்ம கடைக்கு முதலாளி” என்பீர்கள்.

ஊரையே வீட்டுக்குள் அடைத்துப் போட்ட அந்தக் காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகு ஆளே மாறிப்போனீர்கள். ரசத்தில் பூண்டு கருகியதைத் தெருமுனையிலேயே கண்டுபிடிக்கிறவர், நான் அடிப்பிடிக்க விட்ட சாம்பாரை “நல்லாருக்கு” என்று சொல்லி இரண்டாம் முறை ஊற்றச் சொன்னீர்கள். கல்யாணமான நாளிலிருந்து கேட்காத சொல். சந்தோஷப்பட எனக்கு எங்கே தெரியும்? என்னவோ தப்பு நடக்கிறது என்றுதான் பட்டது.

போதாக்குறைக்கு, விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள். எங்கே என்று கேட்டால், “செத்த நேரம் நடந்துட்டு வாரேன்.” நடப்பதற்கு எதற்கு வண்டி? நீங்கள் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து முகர்ந்தேன். மருக்கொழுந்து. எனக்கு நீங்கள் மருக்கொழுந்து வாங்கி வந்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது! ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் தங்கச்சியும் நேரம் பார்த்து போன் செய்தாள். “யக்கா, அத்தான் தாவரவியல் பூங்காவுல ஒரு பொம்பளகிட்டப் பேசிக்கிட்டு நின்னாவ. நான் கண்ணால பாத்தேன்.”

மறுநாளே பஸ் ஏறிவிட்டேன். இரண்டு ஊருக்கும் நடுவே, மலையைப் பார்த்தாற்போல இருக்கிற பூங்கா. பார்வையில்லாதவர்கள் தொட்டும் முகர்ந்தும் செடிகளைத் தெரிந்துகொள்ள இடுப்பு உயரத்துக்குப் பாத்தி கட்டியிருந்தார்கள். கண் நன்றாகத் தெரிகிறவர்களும் அங்கேதான் குனிந்து நின்றார்கள். ஒருத்தி தன் பிள்ளையைத் தூக்கி நொச்சியில் மூக்கை வைக்கச் சொன்னாள், பிள்ளை தும்மியது. பாத்தியின் அந்தக் கோடியில் நீங்கள், பூங்காவில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் உள்ளங்கையில் முகம் புதைத்து நின்றீர்கள்.

அரளிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

“இன்னைக்காச்சும் வாசம் வருதா அண்ணா?” என்றாள் அவள்.

“இல்ல தாயி. பச்சத் தண்ணிய மோந்த மாதிரி இருக்கு.”

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். அதற்கு மேல் என்னால் ஒளிந்திருக்க முடியவில்லை. என்னைக் கண்டதும் முதலில் முழித்தீர்கள், பிறகு எல்லாவற்றையும் கொட்டினீர்கள். “காய்ச்சல்ல மூக்கு செத்துப்போச்சு ஏட்டி. தெனமும் நாலு வாசத்த மோந்து பழகுங்க, திரும்புனாலும் திரும்பும்னு டாக்டர் சொன்னாரு. யாவாரிக்குத் தெரிஞ்சா கல்லு வச்ச பழத்தப் பூராம் என் தலையில கட்டிருவான்.”

“எங்கிட்டச் சொன்னா என்ன?”

“உனக்குத் தெரிஞ்சா உன் தங்கச்சிக்குத் தெரியும். பொறவு ஊருக்கே தெரியும்.”

அழுகை வந்தது. பொம்பளை விஷயமாக இருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். இதை யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அதன்பிறகு காலையில் இருவருமாகப் போனோம். கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் தவிர எதுவும் தெரியாத நான், பலகையில் எழுதியிருப்பதையும் நம்பாமல் ஒவ்வொன்றாக உரசி முகர்ந்து அந்தப் பாத்தி முழுவதையும் பழகிக்கொண்டேன். ஒரு செடியைத் தெரிந்துகொள்ளக் கண்ணே வேண்டியதில்லை என்று அங்கேதான் கண்டேன். கடையில் வியாபாரி முன்னால் “இது வீட்டுக்கு ஆகுமா பாரு” என்று பழத்தை என்னிடம் நீட்டுவீர்கள். காம்படியில் முகர்வேன். கல் வைத்ததென்றால் இருமுவேன். வியாபாரிகள் கடைசிவரை உங்கள் மூக்குக்குத்தான் பயந்தார்கள்.

ஒருநாள் பாத்தியில் நிமிர்ந்து, “வருது ஏட்டி! மருக்கொழுந்து வருது!” என்றீர்கள். அந்தப் பெண் கைதட்டினாள். நான் தட்டவில்லை. கண்ணை மூடச் சொல்லித் துளசியைக் கொடுத்தேன், சரியாகச் சொன்னீர்கள். ஆனால் விரலுக்கே தெரியுமே துளசி! கடைக்குப் போனால் மறுபடியும் பழத்தை என்னிடம்தான் நீட்டினீர்கள். கேட்டால், பழகிவிட்டது என்று சிரித்தீர்கள். என் முகம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் வாசம் வருகிறது என்றீர்களோ என்று அன்றைக்கே எனக்குச் சந்தேகம்.

பிறகு நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கட்டிய சேலையோடு உங்கள் கட்டிலடியிலேயே கிடந்தேன். அன்று காலை என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னீர்கள். “ஏட்டி, உம்மேல ஒரே ஆஸ்பத்திரி வாடை அடிக்கி. வீட்டுக்குப் போயி குளிச்சிட்டு வா.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. “அவியளுக்கு வாசம் வந்திருச்சு” என்று நர்சிடம் சொல்லிவிட்டு ஓடினேன். தலைக்குக் குளித்து, வெளுத்த சேலை கட்டி, கஞ்சியோடு திரும்பி வந்தபோது உங்கள் முகத்தை மூடியிருந்தார்கள்.

உண்மையிலேயே வாடை தெரிந்ததா? இல்லை, உங்கள் உயிர் போவதை நான் பார்க்கக் கூடாதென்று என்னை அனுப்பிவிட்டீர்களா? மற்ற சந்தேகங்களையெல்லாம் உங்களிடமே சண்டை போட்டுத் தீர்த்துக்கொண்டேன். இதைத் தீர்க்க வழியில்லை. கூடவேதான் வைத்திருக்கிறேன்.

பூங்காவுக்கு இப்போதும் போகிறேன். பாத்தியில் குனிந்திருந்தபோது அந்தப் பெண் பக்கத்தில் வந்து கேட்டாள். “கடைசியில அண்ணாவுக்கு வாசம் நல்லா வந்துச்சா அக்கா?”

“வந்துச்சு தாயி. நல்லா வந்துச்சு” என்றேன்.

அவள் நம்பிவிட்டாள்.