திரளிக்கு வந்த சீனி வருத்தம்

கல்லடி,
19.08.1998

அன்பான மகள் அன்னப்பூரணிக்கு,

அப்பா சொல்லச் சொல்ல, பக்கத்து வளவு சீதேவிப்பிள்ளை ரீச்சர் எழுதும் கடிதம். மாமாங்கப் பிள்ளையார் காப்பாற்ற நானும் அம்மாவும் இங்கே சுகம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்றுதான் விளக்கு வைக்கும் நேரமெல்லாம் கேட்டுக்கொள்கிறோம். உன் கடிதம் ஒன்றரை மாதம் கழித்து வந்து சேர்ந்தது, ஓரத்தில் உடைத்து ஒட்டியிருந்தது, பரவாயில்லை, எழுத்து அழியவில்லை. அதில் நீ நம் பூனை திரளிக்கு என்ன, மூன்று கடிதமாக அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே, செத்துப்போனதை மறைக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறாய். சாகவில்லை மகள். ஆனால் மறைத்தது உண்மை. உன்னுடைய அகதி வழக்கு முடியாமல் நீ தனியே கிடந்து தவிக்கிற நேரத்தில் பூனைக்கும் வருத்தம் என்று எப்படி எழுதுவது என்று விட்டுவிட்டேன். இப்போது நல்ல செய்தியாகச் சொல்லக்கூடிய நிலை வந்திருக்கிறது, அதனால் முதலில் இருந்து சொல்கிறேன்.

மாசி மாதமளவில் திரளி வாளி வாளியாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது, எவ்வளவு தின்றாலும் முதுகெலும்பு தெரிய மெலிந்தது. ஒருநாள் கிணற்றடி மணலில் அது மூத்திரம் பெய்த இடத்தில் எறும்பு மொய்த்துக் கிடப்பதைக் கண்டேன். எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று முதலில் காட்டித் தந்ததும் எறும்புதானே, உனக்கு நினைவிருக்கும், நீ அப்போது எட்டாம் வகுப்பு. அம்மாவிடம் சொன்னேன், அவள் சிரித்தாள், உங்கட வருத்தம் பூனைக்கும் தொத்திற்றா, இனி நான்தான் மிச்சம் என்றாள். நான் கேட்கவில்லை, திரளியை மீன் கூடையில் வைத்து மூடி, சைக்கிளில் கட்டி, பாலத்தில் ஆமிச் சோதனைக்கு இறங்கி ஏறி, டவுனில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அங்கே மாடும் ஆடும்தான் நின்றன. தங்கராசா என்று ஒரு இளம் டொக்டர், ஐயா நான் இங்க வந்து ரெண்டு வருசம், பூனையைக் கூடைக்குள்ள கொண்டுவந்த முதல் ஆள் நீங்கதான் என்றார். ஆனால் விளையாட்டாக எடுக்கவில்லை. வயிற்றுக்குள் குடலை ஒட்டி இலைபோல ஒரு உறுப்பு இருக்கிறதாம், கணையம் என்று பெயர், சீனியை அடக்கும் மருந்தும் சாப்பாட்டைச் செமிக்க வைக்கும் நீரும் அதிலிருந்துதான் வருமாம், இதுக்கு அந்த இரண்டும் நின்றுபோயிற்று என்றார். அதனால்தான் தின்றதெல்லாம் சாம்பல் நிறத்தில் எண்ணெய்ப் பசையாக அப்படியே வெளியே போயிருக்கிறது.

சீனிக்கு வழி என் கையிலேயே இருந்தது. கிளினிக்கில் எனக்குத் தருகிற இன்சுலினில் ஊசியின் அளவுக்குக் காலையில் ஒரு கோடு, பின்னேரம் ஒரு கோடு, கழுத்துத் தோலை இழுத்துப் பிடித்துப் போடச் சொன்னார், சாப்பிட்ட பிறகுதான் போடவேண்டும், சோறும் பாலும் கூடவே கூடாது, மீன் மட்டும். எனக்கு இலக்கம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் கோடு எண்ணத் தெரியும்தானே. மருந்துப் போத்தலை ஈரமணல் போட்ட மண்முட்டிக்குள் புதைத்து வைத்திருக்கிறேன், இங்கே கரண்ட் வருவதும் போவதும் யாருக்கும் தெரியாது. கஷ்டம் மற்றதில்தான். செமிபாட்டுக்கு மாட்டின் கணையத்தைப் புதிதாக எடுத்து அரிந்து மீனோடு பிசைந்து வைக்கவேண்டும் என்று சொல்லி, ஒரு தாளில் அதன் படத்தைக் கீறியும் தந்தார்.

மாட்டிறைச்சி நம் வளவுக்குள் வந்ததில்லை, அதற்கு நான் எங்கே போவது? காத்தான்குடியில் மாட்டிறைச்சிக் கடை வைத்திருக்கும் கச்சி முகம்மதுக் காக்காவை உனக்குத் தெரியும், நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நம்முடைய வலையில் பட்ட றால் முழுக்க அவருடைய கடைக்குப் பக்கத்தில்தான் விற்போம். தொண்ணூறுக் கலவரத்துக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை, அவரும் இந்தப் பக்கம் வரவில்லை, தமிழர், முஸ்லிம் என்று இரண்டு பக்கமும் பட்டது உனக்குத் தெரியாததல்ல. எட்டு வருசம் கழித்து அந்தத் தாளை மடித்துக்கொண்டு போய் அவருடைய கடைக்கு முன்னால் நின்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கோணாமலை அண்ணன், உசிரோடயா இரிக்கிறீங்க என்று கேட்டுக் கையைப் பிடித்தார். தாளைப் பார்த்து, இது நாங்க நாய்க்கு வீசுற சாமான், நாளைக்கு விடிய வாங்க, எடுத்து வைக்கிறன் என்றார். திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் பையைத் திறந்து இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்கள், எனக்குப் பூனைக்கான சிங்களச் சொல் வரவில்லை, மியாவ் என்று கத்திக் காட்டினேன். அவர்கள் சிரித்த சிரிப்பில் மூன்று நாள் என்னைச் சோதிக்கவே இல்லை.

நாங்கள் செய்த பிழையை இனிச் சொல்கிறேன். பச்சையாக வளவுக்குள் வரப்பிடாது என்று அம்மா ஒரே பிடி. நான் வேலிக்கு வெளியே கல்லடுக்கி, உடைந்த சட்டியில் மஞ்சள் போட்டு நன்றாக அவித்து, தீட்டுப் போனபிறகு திரளிக்கு வைத்தேன். பன்னிரண்டு நாள் அப்படி வைத்தோம், அது இன்னும் மெலிந்தது, தலையைத் தூக்க மாட்டாமல் கிடந்தது. மறுபடி கூடையில் கொண்டுபோனால் டொக்டர் தலையில் கையை வைத்தார், ஐயா, அவிச்சா அதில உள்ள சக்தி செத்துப்போகும், பச்சையாக் குடுங்க, இல்லாட்டிப் பத்து நாள் தாங்காது என்றார். அது வைகாசி, கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்து சடங்கு நடக்கிற நேரம், ஊரில் மீன் சட்டிகூட அடுப்பில் ஏறாது. நான் வந்து கூடையை இறக்கி வைத்துவிட்டுப் படியில் இருந்துவிட்டேன். அவளே கேட்டு அறிந்துகொண்டாள். குனிந்து திரளியின் முதுகைத் தடவிப் பார்த்தாள். பிறகு, பச்சையாவே கொண்டு வாங்க, அம்மாளுக்கிட்ட நான் சொல்லிக்கொள்ளுறன் என்றாள். மகள், நாற்பது வருசம் அவளோடு வாழ்ந்தும் நான் அவளை அன்றைக்குத்தான் முழுதாக அறிந்தேன். அன்றிலிருந்து பூவரசடியில் தனிப் பலகை, தனிக் கத்தி, அரிகிறவள் அவள்தான், அரிந்து முடித்துத் தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவாள். ஐந்தாம் நாள் திரளியின் வயிறு கட்டிக்கொண்டது, ஒரு மாதத்தில் வேலியில் ஏறியது.

ஆடியில் ஊர் குழம்பியது. சுற்றிவளைப்பு, ஊரடங்கு, ஆண்கள் றோட்டில் இறங்க முடியாது. மூன்று நாள் கணையம் இல்லை, திரளிக்குப் பழையபடி வயிறு போகத் தொடங்கியது. நாலாம் நாள் காலையில் படலையில் ஒரு பெண் நின்றாள், தலையில் முக்காடு, கையில் சாப்பாட்டுக் கரியர். கச்சி முகம்மதுவின் மனைவி ஆமினா உம்மா. சாவடியில் கேட்டார்களாம், வயித்து நோவுக்காரிக்கு மருந்து எண்டு சொன்னன், அது பொய் இல்லத்தானே என்று சொல்லிச் சிரித்தாள். அண்ணன் வராம அந்தப் பூனைக்கு என்ன கதியோ எண்டு இவர் மூணு நாளாச் சோத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு வைக்கிறாரு, அதுதான் நான் வந்தன் என்றாள். அம்மா அந்தக் கரியரை இரண்டு கையாலும் வாங்கினாள். பிறகு இரண்டு பேரும் அடுக்களையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தார்கள், ஆமினா உம்மாவைப் பாதை திறக்கும்வரை நாங்கள் அனுப்பவில்லை. அதன்பிறகு அவள் கிழமைக்கு ஒருதரம் வருகிறாள், பௌர்ணமிப் போயா நாளுக்கு முதல் நாள் கட்டாயம் வருவாள், போயாவில் இறைச்சிக்கடை பூட்டுத்தானே.

இந்தக் கடிதத்தோடு படம் ஒன்று வைத்திருக்கிறேன். போன திங்கள் படக்காரரை வீட்டுக்கே கூப்பிட்டோம். திரளி என் மடியிலும் இருக்கவில்லை, அம்மாவிடமும் இருக்கவில்லை, ஆமினா உம்மாவின் மடியில்தான் அடங்கி இருந்தது. தன் முகம் விழவேண்டாம் என்று அவள் சொன்னாள், அதனால் படத்தில் பூனையைப் பிடித்திருக்கும் இரண்டு கையும் கண்ணாடி வளையலும் மட்டும்தான் தெரியும். டொக்டர் இன்னும் ஒரு வருசம், இரண்டு வருசம் என்கிறார், அதற்குமேல் சொல்ல மாட்டாராம். எனக்கு அது போதும். நீ படத்தைப் பார்க்கும்போது திரளியைப் பிறகு பார், முதலில் அந்தக் கையைப் பார்த்து ஒருதரம் கும்பிட்டுக்கொள்.

உன் வழக்கு வெல்லும், நல்ல மனிதர் கண்ணில் நீ படுவாய், அந்த மண்ணிலும் உனக்கு ஒரு கூரை அமையும் என்று பெற்ற வயிறும் வளர்த்த தோளும் சேர்ந்து வாழ்த்துகிறோம். நம் வழியில் சீனி வருத்தம் இருக்கிறது, அங்கே ஒருதரம் இரத்தம் பார்த்துக்கொள், மறந்துவிடாதே.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அப்பா கோணாமலை, அம்மா இரத்தினம்மா